கிரேக்கமும் இலத்தீனும் கற்றல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மேனாட்டுச் சர்வகலாசாலைகளில், கிரேக்கம், இலத்தீன் என்னும் இரு பழைய பாஷைகளையும், அவற்றின் இலக்கியங்களையும், அவற்றைப் பேசிய மக்களின் வரலாறு, தத்துவம், சிற்பம், அரசியல் ஆகியவற்றையும் ஒருங்கே கற்பிக்கும் துறையொன்று உளது. அதனைப் பற்றிச் சில கூறுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். பணித்தமைக்குக் காரணமும் உண்டு. நம் மரபிற் பிறந்த மாணவியொருத்தி, பள்ளியிறுதிப் பரீட்சையில் உயர்ந்த எண்கள் பெற்றவள், வைத்தியமும் வேண்டா, யந்திரக் கல்வியும் வேண்டா, ஆக்ஸ்போர்டு சென்று கிரேக்கமும் இலத்தீனும் கற்பேன் எனக் கூறிச் சங்கத்தின் கல்வி நிதியினின்று கடனுதவி வேண்டியிருக்கின்றாள். குழுவில் அபிப்பிராயம் இரண்டுபட்டது. செத்த பாஷைக்கு நம் பணமா என்றனர் ஒரு சாரார். கேட்பவள் நம் பெண். கேட்பது இன்னதென்று அறிந்த பின்னரன்றோ மறுத்தல் வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே எமக்கு நேரிதாகப் பட்டமையால் இங்கு வந்து நிற்கின்றோம்.

முதற்கண் அப்படிப்பின் அமைப்பைக் கூறுவோம். ஆக்ஸ்போர்டில் இத்துறைக்கு 'லிட்டரே ஹியுமானியோரஸ்' என்பது பழைய இலத்தீன் பெயர். மற்றப் பல துறைகட்கு மூன்றாண்டு, இதற்கு நான்காண்டு. நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாட்டில், முதல் ஐந்து பருவங்கள் பாஷைக்கும் இலக்கியத்திற்கும் உரியன. அவற்றின் முடிவில் ஒரு பெரும் பரீட்சை. எஞ்சிய ஏழு பருவங்களில் கிரேக்க ரோமானிய சரித்திரமும், பிளேட்டோ அரிஸ்டாட்டில் முதலியோர் வழிவந்த தத்துவமும் பயின்று, இறுதியில் மற்றொரு பெரும் பரீட்சை. அப்பிற்பகுதிக்கு மாணாக்கர் வழக்கில் 'கிரேட்ஸ்' என்று பெயர். வாரந்தோறும் மாணாக்கர் ஒரு வியாசம் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் சென்று, ஒருவராகவோ இருவராகவோ அமர்ந்து, படித்துக் காட்டி, கேட்கும் கேள்விகட்கு விடையிறுத்தல் வேண்டும். கூட்டத்தில் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. நம் பழைய திண்ணைப் பள்ளியில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் எதிரில் நின்ற பிள்ளையின் நிலையே அது. பிரம்பு மட்டும் இல்லை.

இலக்கணம் கடினமா எனின், கடினமே. கிரேக்க வினைச்சொல்லின் உருவங்களை நெட்டுருச் செய்வதற்கே ஓராண்டு செல்லும். எனினும் இவ்வகையில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலப் பிள்ளையினும் சில வசதிகள் உள என்பது எம் கருத்து. பெயர்ச்சொல் வேற்றுமை உருபேற்றுத் திரிதல் ஆங்கிலேயனுக்குப் புதுமை, நமக்குப் பழக்கம். வாக்கியத்தின் முடிவில் வினைமுற்று வந்து நிற்றல் இலத்தீன் உரைநடையிற் பெருவழக்கு. அதுவும் நம் வீட்டு வழக்கே. அவர்தம் செய்யுள், சொல்லின் அழுத்தத்தால் அமைவதன்று. குறிலும் நெடிலுமாகிய அசைகளின் அளவால் அமைவது. ஹோமருடைய அடி ஆறு சீர் கொண்டது. ஒரு நெடிலசையும் இரு குறிலசையுமாக ஒரு சீர் அமையும். குறிலிரண்டும் சேர்ந்து ஒரு நெடிலாகவும் நிற்கலாம். நேரசை நிரையசை எண்ணிப் பழகிய செவிக்கு இதனைப் பிடித்துக்கொள்ளுதல் அரிதன்று.

இனி, இக்கல்வி மனத்தைப் பயிற்றும் விதத்தை ஒரு சான்றால் விளக்குவோம். ஹோமரின் பாடல்களில் ஒரு வியப்பு உண்டு. கிரேக்கச் செய்யுளில், ஒரு சொல்லின் ஈற்றில் உயிரெழுத்து நின்று, அடுத்த சொல்லின் முதலிலும் உயிரெழுத்து வருமாயின், முன்னது கெடும், அல்லது குறுகும். தமிழில் நாம் இடையே யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாக இட்டுக்கொள்வோம்; அவர்கள் அங்ஙனம் செய்வதில்லை. ஆயினும் ஹோமரிடத்திற் சில குறிப்பிட்ட சொற்களின் முன் மட்டும் இவ்விதி செல்லவில்லை. திராட்சை மதுவைக் குறிக்கும் 'ஒய்னோஸ்', அரசனைக் குறிக்கும் 'அனக்ஸ்', சொல்லைக் குறிக்கும் 'எப்போஸ்', வீட்டைக் குறிக்கும் 'ஒய்க்கோஸ்' என்றின்னவை வருமிடத்து, முன்னின்ற உயிர் கெடாமலும் குறுகாமலும் அப்படியே நிற்கும். தளை தட்டுகின்றது. ஹோமர் பிழைபடப் பாடினார் என்று சொல்லிவிடலாம். பலர் அப்படியும் எண்ணினர்.

ரிச்சர்டு பெண்ட்லி என்னும் கேம்பிரிட்ஜ் வித்துவான் (1662–1742) அப்படி எண்ணவில்லை. பிழை எப்போதும் சில சொற்களின் முன்னரே நேர்வானேன் என்று அவர் கேட்டார். இச்சொற்கள் ஒரு காலத்தில் உயிரெழுத்தில் தொடங்கியிரா. அவற்றின் முன் வகரத்தையொத்த ஒரு மெய்யொலி இருந்திருத்தல் வேண்டும். பாடல் கட்டப்பட்ட காலத்தில் வாயில் வழங்கிய அவ்வொலி, பின்னர்ப் பேச்சினின்றும் எழுத்தினின்றும் தேய்ந்தொழிந்தது. ஒலி போயினும் அஃது இருந்த இடம் யாப்பில் வெற்றிடமாக நின்றுவிட்டது என்று அவர் துணிந்தார். இலத்தீனில் மதுவுக்கு 'வீனும்' என்பது பெயர், ஆங்கிலத்தில் 'வைன்'. அவ்விரண்டிலும் வகரம் உளதன்றோ! கிரேக்கத்தின் வேறு சில கிளை வழக்குகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களிலும் 'திகம்மா' என்னும் எழுத்தாக அவ்வொலி எழுதப்பட்டிருந்தது.

இஃது ஊகம். ஊகம் மெய்யானதைக் கேண்மின். கிரீட் தீவிலும் கிரேக்க நாட்டிலும் மண்ணினடியிற் களிமண் பலகைகள் பல அகப்பட்டன. அவற்றின் எழுத்தை எவராலும் படிக்க முடியவில்லை. 1952-ஆம் ஆண்டில் மைக்கேல் வெண்ட்ரிஸ் என்பவர் அதனைப் படித்தார். அவர் பாஷாபண்டிதரல்லர், கட்டடச் சிற்பி. எழுதியிருந்த பாஷை கிரேக்கமே என்று தெரிந்தது. ஹோமருக்கும் பல நூற்றாண்டு முற்பட்ட கிரேக்கம். அரசனைக் குறிக்கும் சொல் அப்பலகைகளில் எப்படி எழுதப்பட்டிருந்தது? 'வ-ன-க' என்று! பெண்ட்லி இறந்து இருநூற்றுப் பத்தாண்டு கழித்து, அவர் செவியாற் கேட்ட வகரத்தை மண்ணே எழுத்தாற் காட்டிற்று. ஒரு பாட்டில் ஒலி தடுமாறும் இடத்தைப் பிழையென்று தள்ளாது, காரணம் யாது என்று காத்திருக்கும் பொறுமையைத் தருகின்ற கல்வியை யாம் எளிதாக மதிக்கமாட்டோம். வெண்ட்ரிஸ் பாவம், முப்பத்து நான்கு வயதில், 1956-இல், மோட்டார் விபத்தில் இறந்துபோனார்.

செத்த பாஷை என்பாருக்கும் இதிலேயே ஒருவாறு விடை கிடைத்துவிடும். எகிப்து நாட்டில் ஆக்ஸிரிங்கஸ் என்னும் ஊரின் குப்பை மேடுகளில் கிரென்பெல், ஹண்ட் என்னும் இரு ஆக்ஸ்போர்டு அறிஞர் 1896-ஆம் ஆண்டு தொடங்கித் தோண்டியெடுத்த பாப்பிரஸ் ஏட்டுத் துண்டுகள் எண்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளாக வெளிவந்தும் இன்னும் முடியவில்லை. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலிற் புதைந்து கரியான சுருளேடுகளை, விரிக்காமலே யந்திரக் கதிர்களால் ஊடுருவி, 2023-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு முழுச்சொல்லைப் படித்தார்கள். மியூனிக் நகரில் 1894-இல் தொடங்கிய இலத்தீன் பேரகராதி நூற்றாண்டு கடந்தும் அகர வரிசையின் இறுதியை எட்டவில்லை. இவற்றையெல்லாம் செய்ய ஆள் வேண்டுமன்றோ?

ஆயினும் இக்கல்வியைப் புகழ்ந்து மட்டும் பேசிப் போய்விடுவது நேர்மையாகாது. நெடுங்காலம் இஃது ஒரு வேலியாகவே பயன்பட்டது. அறிவுக்காக அன்று, உள்ளே வரத்தக்கவர் இன்னார், தகாதவர் இன்னார் என்று பிரிப்பதற்காக. நமக்கு மிக அண்மையான சான்றையே கூறுவோம். இந்திய சிவில் உத்தியோகத்திற்குப் போட்டிப் பரீட்சை வைப்பதென்று ஏற்பட்டபோது, மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854-இல் எண்களைப் பகிர்ந்தது. கிரேக்கத்திற்கு 750; இலத்தீனுக்கு 750; சமஸ்கிருதத்திற்கு 375; அரபிக்கும் 375. தமிழுக்கு அப்பட்டியலில் இடமேயில்லை. தஞ்சையையும் திருநெல்வேலியையும் ஆள வருபவனுக்கு ஏதென்ஸ் நகரத்துப் பாஷை தெரிந்திருந்தால் முதற்றரம். இந்நாட்டுப் பழைய பாஷை தெரிந்திருந்தால் பாதி. குடிகள் பேசும் பாஷைக்கு ஒன்றுமில்லை! கிரேக்கமும் இலத்தீனும் பள்ளியிற் படித்த ஆங்கிலப் பிள்ளைகளோடு, இலண்டன் வரை கப்பலேறிச் சென்று, நம் நாட்டார் போட்டியிட வேண்டியிருந்தது. 1863-இல் சத்தியேந்திரநாத தாகூர் தேறினார். இந்தியருள் அவரே முதல்வர்.

தம் நாட்டு மக்களையும் அவர்கள் வேலிக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தனர். கிரேக்கம் அறியாதவன் எத்துறை படிக்க விரும்பினும் கேம்பிரிட்ஜில் 1919 வரையிலும், ஆக்ஸ்போர்டில் 1920 வரையிலும் நுழைதல் அரிது. இலத்தீன் நிபந்தனை 1960 வரை நீடித்தது. கிரேக்கம் கற்பிக்கும் பள்ளிகளோ செல்வர் பிள்ளைகளின் பள்ளிகள். பெண்களின் நிலை இன்னும் வேடிக்கை. 1887-இல் கேம்பிரிட்ஜில் இத்துறைப் பரீட்சையில் முதல் வகுப்பின் முதற்பிரிவில் நின்றவர் ஒருவரே. அவர் கிர்ட்டன் கலாசாலை மாணவி அக்னாட்டா ராம்சே. அவருடன் எழுதிய ஆடவர் ஒருவரும் அப்பிரிவை எட்டவில்லை. எனினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்கட்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948-இல். ஆக்ஸ்போர்டு 1920-இலேயே அளித்தது. கட்டாயக் கிரேக்கத்தை விட்டதும் அதே ஆண்டுதான். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தமை கருதத்தக்கது.

வேலி என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. எழுத்தும் ஏடும் இன்னாருக்கு ஆகும், இன்னாருக்கு ஆகாது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த முன்னோரின் மக்கள் நாம். ஆகவே வேறொரு நாட்டில் அவ்வேலியைத் தாண்டிய ஒருவர் வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் என்னும் ஊரில் 1852-இல் வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ பிறந்தார். தாய் அடிமையாதலின் பிள்ளையும் சட்டப்படி அடிமை. அடிமைகட்கு எழுத்துக் கற்பித்தல் அம்மாகாணத்தில் தண்டனைக்குரிய குற்றம். அச்சிறுவர் மறைவாகவே படித்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தபின், அட்லாண்டாவிலும் ஓபர்லின் கலாசாலையிலும் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். 1881-இல் அவர் வெளியிட்ட நூல் யாது தெரியுமோ? கிரேக்க பாஷைக்குப் பாலபாடம்! நீக்ரோ ஒருவன் கிரேக்க இலக்கணம் அறிந்தானென்று கண்டால்தான் அவனையும் மனிதனென்று நம்புவேன் என்று கால்ஹவுன் என்னும் தென்னாட்டு அரசியல்வாதி கூறியதாக அக்காலத்தில் ஒரு பேச்சு வழங்கியது. அதனைச் சொல்லிவைத்தவர் அலெக்ஸாண்டர் கிரம்மெல் என்னும் கறுப்பின பாதிரியார். அவர் தாமே கேம்பிரிட்ஜ் சென்று பயின்று 1853-இல் பட்டம் பெற்றுவிட்டார். கால்ஹவுன் 1850-இலேயே இறந்தமையால் ஸ்கார்பரோவின் பாலபாடத்தைக் காணும் பேறு அவருக்கு இல்லாமற் போயிற்று.

மனிதன் மனிதனென்று காட்டுவதற்குக் கிரேக்க இலக்கணம் வேண்டுவதில்லை. ஆயினும் ஸ்கார்பரோவின் வரலாற்றில் நம் செயற்குழு கருத வேண்டிய பகுதி இனித்தான் வருகின்றது. தடை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. நம் மக்கட்கு இப்போது வேண்டுவது தச்சும் கொல்லும் உழவும். கிரேக்கம் எதற்கு என்ற கட்சி அவருடைய இனத்தாரிடையிலேயே வலுத்தது. புக்கர் வாஷிங்டன் அக்கட்சியின் தலைவர், தன்னலமற்ற பெரியார், டஸ்கேகியில் அவர் வளர்த்த தொழிற்கல்விச் சாலையால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. வில்பர்போர்ஸ் கலாசாலையிற் சிலகாலம் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த டூபாய்ஸ், 1903-இல் வெளிவந்த தம் நூலில் அவரை மறுத்துரைத்தார். ஸ்கார்பரோவும் உயர்கல்வியின் பக்கமே நின்றார். 1908 முதல் 1920 வரை அவ் வில்பர்போர்ஸின் தலைவராகவும் இருந்தார்.

யாம் வாஷிங்டனைப் பழித்துப் பேச வரவில்லை. நம் சங்கம் இதுகாறும் அளித்த உதவிகளில் பெரும்பாலன தொழிற்கல்விக்கே, அது தக்கதே, இனியும் அங்ஙனமே நடக்கட்டும். ஆனால் நூறு விண்ணப்பங்களுள் ஒன்று வேறுவிதமாக வரும்போது, நம் குலத்துப் பிள்ளைக்கு இது ஏலாது, இது நமக்கு உரியதன்று என்று நாமே சொல்வோமாயின், வேலி கட்டியவனுக்கு நாம் கூலியின்றி வேலை செய்தவராவோம்.

வயிற்றுப் பிழைப்புக்கு என் செய்வாள் என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இத்துறையிற் பயின்றோர் அங்கே வழக்கறிஞராகவும், பத்திரிகையாசிரியராகவும், அரசாங்க உத்தியோகஸ்தராகவும், பள்ளியாசிரியராகவும் போகின்றனர். எதிர்பாராத வழிகளிலும் செல்வதுண்டு. கிரேக்க நாடகச் செய்யுட்களின் சிதைந்த ஏடுகளைப் படித்துப் பழகிய டில்லி நாக்ஸ் என்பவர் இரு உலகப் போர்களிலும் பகைவரின் மறைமொழிகளை உடைத்தார். கம்ப்யூட்டரில் பெயர்களையும் எண்களையும் விரைவாக வரிசைப்படுத்தும் 'குவிக்சார்ட்' என்னும் முறையைக் கண்டுபிடித்த டோனி ஹோர், ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கலாசாலையில் இதே படிப்பைப் படித்து 1956-இல் தேறியவர். 1980-இல் அத்துறையின் தலைசிறந்த ட்யூரிங் பரிசு பெற்றார். அவர் பிறந்தது கொழும்பு நகரம் என்பது நம்மவர்க்குச் சிறிது உவப்பளிக்கலாம். எனினும் எல்லாரும் ஹோர் ஆகார். பொறியாளரைப் போல் முதலாண்டே கைநிறையப் பொருள் வரும் என்று யாம் உறுதி கூறோம். கடன் திரும்பச் சற்றுத் தாமதமாகலாம். அதனைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

நமக்கு இதனால் யாது பயன் என்பது இன்னொரு கேள்வி. மிளகு ஏற்றிச் சென்ற யவன மரக்கலங்களைப் பற்றி நம் மேடைகளிற் பேசாதார் இலர். அவ்வாணிகத்தைப் பற்றிய யவனர் பக்கத்துச் சான்றுகள் எம்மொழியில் உள்ளன? கிரேக்கத்திலும் இலத்தீனிலும். முசிறி வாணிகத்திற்குக் கடன் கொடுத்த பத்திரமொன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது, கிரேக்கத்தில் எழுதப்பெற்று வியன்னா நகரத்தில் இருக்கின்றது. 1985-இல் அஃது அச்சேறியது. அதன் பின்புறத்தில் 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் மரக்கலத்தில் வந்த யானைத்தந்தம், நளதம் முதலியவற்றின் மதிப்பும், நாலில் ஒரு பங்கு சுங்கமும் கணக்கிடப்பட்டுள்ளன. அதனை நாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் அன்றோ அறிகின்றோம்!

மொழிபெயர்ப்புப் போதாதோ எனின், ஓரிடம் காட்டுவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கடலோடி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலுக்கு ஆதாரமாயிருப்பது ஹைடல்பெர்க் நகரத்திலுள்ள பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி. முசிறி இருக்கும் நாட்டுக்கு அந்நூல் தரும் பெயர் 'லிமுரிக்கே' என்பது. கிரேக்கத்தில் லகரம் அடிக்கோடில்லாத முக்கோணம். தகரம் அடிக்கோடுள்ள முக்கோணம். 'பியூட்டிங்கர் படம்' எனப்படும் பழைய ரோமானிய வழிப்படத்திலோ 'தமிரிக்கே' என்று காண்கின்றது. ஆகவே எழுதியவர் கையில் ஒரு கோடு விடுபட்டமையாற்றான் தமிழகம் லிமுரிக்கே ஆயிற்று என்று கால்டுவெல் வாதித்தார். 1912-இல் வந்த ஷாப் என்பவரின் மொழிபெயர்ப்பு அதனை ஏற்று 'தமிரிக்கா' என்றே அச்சிட்டது. 1989-இல் வந்த காஸனுடைய பதிப்போ 'லிமுரிக்கே' என்றே வைத்திருக்கின்றது. நம் நாட்டின் பெயர் ஒரு கோட்டில் தொங்குகின்றது. எது சரி என்று ஆராய்வதற்கு அப்பிரதியின் எழுத்தறிந்து, அக்காலத்தார் எவ்வெழுத்தை எதுவாக மயங்கினர் என்னும் முறை அறிந்தவர் வேண்டும். அவ்வேலையை அயலாருக்கே விட்டுவிட்டு, நமக்கு உகந்த முடிபைக் கைதட்டி ஏற்பது நம் தமிழ்ப்பற்றுக்கு அழகன்று. கால்டுவெல் பிழைபட்டார் என்று அவள் கண்டு சொன்னாலும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

எதிர்நாட்டிலிருந்து வந்தோர் நம் பாஷையை அங்ஙனம் கற்றனர். வீரமாமுனிவர் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நாமும் எதிர்மாறாக ஒருமுறை போய்ப் பார்க்கலாமே!

கடைசியாக, அம்மாணவி இங்குப் பள்ளியில் இலத்தீனோ கிரேக்கமோ கற்றவளல்லள். எவ்வாறு சேர்ப்பர் என்று ஐயுற்றனர். முற்காலத்திற் சேர்த்திரார். இப்போது இரண்டும் அறியாதவர்க்கெனவே ஆக்ஸ்போர்டில் தனிப் பாடவரிசை உண்டு. கேம்பிரிட்ஜில் இலத்தீன் அறியாதார் ஓராண்டு முன்னதாகத் தொடங்கி நான்காண்டிற் படிக்கலாம். அமெரிக்காவிற் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை 2021-இல் ஒரு படி மேற்சென்று, இத்துறையிற் பட்டம் பெறுவார்க்குக் கிரேக்கமோ இலத்தீனோ கட்டாயமில்லை என்று விதி மாற்றியது. வேலியைப் பிடுங்கினர் என்று சிலர் மகிழ்ந்தனர். வீட்டையே பிடுங்கினர் என்று சிலர் நொந்தனர். எம் சார்பு பின்னவர் பக்கம். வறிய பிள்ளைக்குப் பாஷையைக் கற்பிக்க வழிசெய்வதே கொடை. உனக்கு அது வேண்டா என்று கழித்துவிடுவது கொடையன்று. இந்த வேறுபாட்டை அப்பெண் தானே எம்மிடம் எடுத்துரைத்தாள். ஆதலாற்றான் அவள் பாஷை கற்பிக்கும் இடமாகத் தேடியிருக்கின்றாள்.

ஆக்ஸ்போர்டுக்குரிய விண்ணப்பம் அக்டோபர் மாதம் நடுவிற்குள் போய்ச் சேர்தல் வேண்டும். நேர்முக வினா அதன் பின். இடம் கிடைத்தாலன்றிக் கடன் வேண்டா என்று அவளே எழுதியிருக்கின்றாள். ஆகவே செயற்குழு இப்போது தீர்மானிக்க வேண்டியது, இடம் கிடைத்தால் உதவுவோம் என்னும் ஒரு வாக்கை மட்டுமே. அடுத்த கூட்டம் வரை அதனை ஒத்திவைக்காமல் இன்றே வாக்கெடுக்குமாறு தலைவரவர்களை வேண்டிக்கொண்டு அமர்கின்றோம்.